குளியலறையில் ஆறாம் நம்பர் பிரஸ்

வேம்புலிக்குக் கோபம் வந்தால் முதலில் காது சிவக்கும், அப்புறம்தான் வாய் திறக்கும். பட்டரவாக்கத்தில் அவர் குடியிருந்த தெருவில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். காது சிவந்துவிட்டால் எதிரே நிற்பவர் ரேஷன் கடைக்காரரா, கவுன்சிலரா, சொந்த மச்சானா என்றெல்லாம் பார்க்க மாட்டார். அப்படிப்பட்ட மனிதர் வீட்டுக் குளியலறையை இருட்டறையாக்கி, அதற்குள் உட்கார்ந்து போட்டோ கழுவினார் என்றால், அடடா, என்ன பொறுமை என்று நினைப்பீர்கள். பொறுமையும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. கோபத்தில் கட்டினார், கோபத்திலேயே கழுவினார். அதனால்தான் பாதி ஃபிலிம் நாசமானது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் தகடு அடிக்கும் ஒரு கம்பெனியில் அவர் டூல் ரூம் ஃபிட்டர். அங்கே ஆறாம் நம்பர் பவர் பிரஸ்ஸில் நின்றவன் உலகநாதன். அதே தெருக்காரன், வேம்புலியைவிடப் பன்னிரண்டு வயது இளையவன். இரண்டு பேரும் ஒரே சைக்கிளில்தான் வேலைக்குப் போய் வருவார்கள். எண்பத்தெட்டாம் வருஷம், ஆயுத பூஜை முடிந்த இரண்டாவது வாரம், அந்தப் பிரஸ் உலகநாதனின் வலது கையில் இறங்கியது. ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றும் போயின.

மறுநாள் காலை ஷிப்டுக்குப் போன வேம்புலி, ஆறாம் நம்பர் பிரஸ்ஸின் முன்னால் போய் நின்றார். கை உள்ளே போகாமல் தடுக்கிற கம்பி வலைக்குக் கார்டு என்று பெயர். அந்தப் பிரஸ் வந்த நாளிலிருந்து அதற்குக் கார்டு கிடையாது. கேட்டுக் கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். இன்றைக்கு இருந்தது. மஞ்சள் பெயிண்ட் அடித்து, நாலு போல்ட் போட்டு முடுக்கி, புது மாப்பிள்ளை மாதிரி நின்றது. தொட்டுப் பார்த்தார். பெயிண்ட் விரலில் ஒட்டியது. நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் தொங்கியது. பாதுகாப்புக் கார்டைத் தன்னிச்சையாகக் கழற்றிவிட்டு வேலை செய்த குற்றத்துக்காக உலகநாதன் தற்காலிக வேலை நீக்கம், பதினைந்து நாளில் விசாரணை என்று அதில் டைப் அடித்திருந்தது.

“கையையும் எடுத்துக்கினு பேரையும் எடுத்துக்குவீங்களா?” என்று பர்சனல் மேனேஜர் அறை வாசலில் நின்று வேம்புலி கத்தினார்.

மேனேஜர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “ஏம்ப்பா வேம்புலி, கார்டு இல்லேன்றதுக்கு உன்கிட்ட ஆதாரம் இருக்கா? இருந்தா விசாரணைல கொண்டுவந்து குடு. சும்மா கத்தாதே.”

ஆதாரம் வேம்புலியின் வீட்டு அலமாரியில் இருந்தது. வருஷத்தில் ஆயுத பூஜை அன்று மட்டும்தான் கம்பெனிக்குள் காமிரா போகலாம். அன்று மெஷின்களைக் கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, மாலை போட்டு, விபூதிப் பட்டை அடித்து, அவரவர் அவரவர் மெஷின் பக்கத்தில் நின்று படம் எடுத்துக்கொள்வார்கள். பெண்டாட்டியோடு எடுத்த படம் இல்லாதவன் வீட்டில்கூட மெஷினோடு எடுத்த படம் இருக்கும். எடுப்பவர் வேம்புலி. மூர் மார்க்கெட்டில் பழையதாக வாங்கிய பெட்டி காமிரா, ரோலுக்குப் பன்னிரண்டு படம், கறுப்பு வெள்ளை. அந்த வருஷத்து ரோல் இன்னும் கழுவாமல் கிடந்தது. அதில் நாலாவது படம் ஆறாம் நம்பர் பிரஸ்ஸும் உலகநாதனும்.

ரோலை எடுத்துக்கொண்டு அம்பத்தூர் ஓ.டி.யில் ஸ்டூடியோ வைத்திருந்த ஜேம்ஸிடம் போனார்.

“ஆயுத பூஜை ரோலா?” ஜேம்ஸ் குரலைத் தாழ்த்தினார். “நேத்து உங்க கம்பெனி ஆளு வந்து, அந்த ரோல் வந்தா சொல்லுன்னுட்டுப் போறான். அவங்க ஃபங்ஷன் எல்லாம் நான்தான் எடுக்கறேன். என்னை மாட்டி உட்றாதே வேம்புலி.”

மனுஷன் நல்ல மனசோடு சொன்ன எச்சரிக்கைதான் அது. வேம்புலியின் சிவந்த காதில் அப்படி விழவில்லை. “நீயும் அவனுங்க ஆளுதானா?” என்று ரோலைப் பிடுங்கிக்கொண்டு, தெருவே திரும்பிப் பார்க்கும்படி திட்டிவிட்டு வந்தார்.

“மெட்ராஸ்ல ஆயிரம் ஸ்டூடியோ கீது. எங்கியாவது குடுத்தா யாருக்குத் தெரியப்போவுது?” என்றாள் அவர் மனைவி ராஜம்மா.

“எவன் கையிலயும் குடுக்கமாட்டேன். நானே கழுவுறேன்.”

“உனக்கு இன்னாய்யா தெரியும்?”

“இரும்பையே இம்மி பிசகாம ராவுறவன், ஒரு துண்டு ஃபிலிமக் கழுவமாட்டனா?”

அன்றைக்கே ரயிலேறி பாரீஸ் கார்னருக்குப் போனார். போட்டோ சாமான் கடையில் டெவலப்பர், ஹைப்போ என்று கழுவும் மருந்துகள், படம் அச்சிடும் தாள் எல்லாம் வாங்கினார். கடைக்காரர், சிவப்பு பல்பு போட்டுக்கொண்டு தாளைக் கழுவ வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். “ஆனா ரோல் ஃபிலிமுக்கு மட்டும்...” என்று அவர் ஆரம்பித்தபோது, “எல்லாம் தெரியும், கட்டு” என்றார் வேம்புலி. கடைக்காரர் தோளைக் குலுக்கிவிட்டுப் பொட்டலம் கட்டினார்.

வீட்டில் ஜன்னல் இல்லாத இடம் பின்பக்கத்துக் குளியலறை ஒன்றுதான். மூன்றடிக்கு ஐந்தடி, மேலே ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். ஷீட்டுக்கும் சுவருக்கும் நடுவே உள்ள சந்தில் சாக்குத் துணியைத் திணித்து, மேலே சிமெண்டுப் பை காகிதத்தை மைதா பசையால் ஒட்டினார். கதவு விளிம்பு முழுக்கப் பழைய சைக்கிள் டியூபை வெட்டி ஆணி அடித்தார். உச்சிவெயிலில் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு உட்காருவார். எங்கிருந்தாவது ஊசிமுனை வெளிச்சம் வந்தால், “வந்துட்டியா நாயே” என்று அதையும் திட்டி, பசை வைத்து அடைப்பார். நாலு நாள் வீட்டில் ஒருவரும் நிம்மதியாகக் குளிக்கவில்லை. ராஜம்மா விடிவதற்குள் கொல்லையில் புடவையை மறைப்புக் கட்டிக் குளித்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு இட்லி ஊற்றினாள்.

கடைசியில் சாமி படத்துக்கு முன்னால் எரிந்த சிவப்பு ஜீரோ வாட் பல்பைக் கழற்றினார். அதற்குத்தான் அவள் வாய் திறந்தாள். “சாமி வெளக்கைக் கழட்டாதே, சொல்லிட்டேன்.”

“சாமி பாத்துக்கினு சும்மாதானே இருந்துச்சு, அவன் வெரலு போகசொல்லோ?” என்று ஒரே வார்த்தையில் அவளையும் சாமியையும் சேர்த்து முடித்தார்.

சிவப்பு வெளிச்சம் ஃபிலிமை ஒன்றும் செய்யாது என்பதில் அவருக்குத் துளி சந்தேகம் இல்லை. காமிராவின் முதுகில், எத்தனையாவது படம் என்று நம்பர் பார்க்க ஒரு சிவப்புக் கண்ணாடி வட்டம் இருக்கிறது. வெயிலில் நின்றாலும் அது வழியாக ஃபிலிம் கெடுவதில்லை. அப்புறம் ஜீரோ வாட் பல்பு என்ன செய்துவிடும்? ஃபிட்டர் மூளை போட்ட கணக்கு. ஃபிலிமுக்குப் பின்னால் சுற்றியிருக்கும் கறுப்புத் தாள்தான் காப்பாற்றுகிறது என்பது அந்தக் கணக்கில் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் கழுவுவது என்று முடிவானது. புதன்கிழமை விசாரணை. உலகநாதன் கட்டுப்போட்ட கையை மார்போடு அணைத்தபடி கொல்லையில் கல்லின் மேல் உட்கார்ந்திருந்தான். உள்ளே மூன்று பீங்கான் தட்டு, மண்பானைத் தண்ணீரில் கரைத்த மருந்து, சிவப்பு பல்பு. ராஜம்மா கதவு சாத்தும் முன் சொன்னாள்: “எல்லாத்தையும் ஒரேயடியா போடாதே. பாதிய வெட்டிப் போட்டுப் பாரு. மாவு சரியா புளிச்சுதான்னு நான் ஒரு இட்லி ஊத்திப் பாக்கறதில்ல?”

“இது இன்னா இட்லியா?” என்று அவர் எரிந்து விழுந்தார். ஆனால் தட்டு சின்னதாக இருந்ததால், ரோலைப் பாதி விரித்து, மேல் சுற்றில் இருந்த கடைசி ஆறு படங்களை வெட்டி எடுத்து, மீதியைக் கறுப்புத் தாளோடு இறுக்கிச் சுருட்டி, பவுடர் டப்பாவில் போட்டு மூடினார்.

கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்தது. வேம்புலியின் கையில் தொங்கிய ஃபிலிமில் படமும் இல்லை, ஒன்றும் இல்லை. தார் பூசியது மாதிரி முழுக்கக் கறுப்பு. ஆறு பேருடைய பூஜைப் படம் அதோடு போயிற்று.

அதற்கப்புறம் நடந்த கூத்தைப் பக்கத்து வீட்டுப் பொன்னியம்மா ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரு பீங்கான் தட்டு சுவரில் மோதி உடைந்தது. கடைக்காரன் திருடன், ஜேம்ஸ் திருடன், மருந்து போலி, தண்ணீர் உப்பு என்று வேம்புலி வரிசையாகத் திட்டினார். ராஜம்மாவின் பக்கம் திரும்பி, “சாமி பல்பு, சாமி பல்புன்னு நீ அழுதியே, அந்த வாய்தான்” என்றார்.

உலகநாதன் எழுந்தான். “நிறுத்து அண்ணாத்தே.”

அவன் அதுவரை அவரிடம் குரல் உயர்த்தியதே கிடையாது.

“கை என்னுது. வெரலு என்னுது. கோவம் மட்டும் எப்பிடி உன்னுதாச்சு? ஆஸ்பத்திரில இருந்து வந்து எட்டு நாளாச்சு. நானும் ஒரு தபா கத்தலாம்னு பாக்கறேன், நீ எடமே உடமாட்டேன்றியே. ரோல் என் வேலைக்கோசரம்தானே? என்னிய ஒரு வார்த்த கேட்டியா? எவன் சொன்னதையாவது காதுல வாங்கினியா?”

உலகநாதன் பக்கத்தில் கிடந்த காமிரா உறைக்குள் செருகியிருந்த ஃபிலிம் அட்டைப்பெட்டியை இடது கையால் உருவினான். பத்தாவது வரை படித்தவன். ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டிப் படித்தான்.

“முழு இருட்டுலதான் தொறக்கணும்னு போட்டுகீது. எந்த லைட்டும் ஆவாதாம். செவப்பும் ஆவாது.”

பெட்டி இத்தனை நாளும் காமிரா உறைக்குள்ளேயே இருந்தது. கடைக்காரர் சொல்ல வந்ததும் அதுதான். திட்டுவதற்கு வேறு ஆள் யாரும் மிச்சமில்லை என்று வேம்புலிக்குப் புரிந்தது. அவமானத்தில் அவர் காது மறுபடியும் சிவந்தது, ஆனால் வாய் திறக்கவில்லை. உடைந்த பீங்கான் சில்லுகளைப் பொறுக்கினார். ராஜம்மா சோறு போடும் எனாமல் தட்டைக் கொண்டுவந்து நீட்டினாள்.

இரண்டாவது தடவை இரண்டு பேரும் உள்ளே போனார்கள். பல்பு இல்லை. தன் கையே தனக்குத் தெரியாத இருட்டு. வேம்புலி மீதி ஃபிலிமைப் பிரித்து, இரண்டு முனையையும் பிடித்து, மருந்துத் தட்டில் ஏற்றி இறக்கினார். கடிகாரம் தெரியாது என்பதால் உலகநாதன் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டு வந்தான். முந்நூறைத் தாண்டியபோது அவன் குரல் உடைந்தது. அழுகிறான் என்று தெரிந்தது. வேம்புலி தட்டிலிருந்து கையை எடுக்க முடியாமல், “எண்றா, எண்றா” என்றார். அவன் அழுதுகொண்டே எண்ணினான்.

இந்த முறை ஓரம் மட்டும்தான் கறுத்திருந்தது. நாலாவது படம் தப்பியது. காய்ந்த பிறகு, சிவப்பு பல்பைப் போட்டு, தாளின் மேல் ஃபிலிமை வைத்து, கண்ணாடியால் அழுத்தி, வெள்ளை பல்பை இரண்டு எண்ணும் நேரம் எரியவிட்டார். மருந்தில் போட்ட தாளில் முதலில் மாலை வந்தது, அப்புறம் உலகநாதனின் சிரிப்பு, அப்புறம் பிரஸ். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய படம். கார்டு இல்லை.

புதன்கிழமை விசாரணை அதிகாரியாக வந்த வக்கீல் படத்தைப் பார்த்துவிட்டு மேனேஜரிடம் நீட்டினார். மேனேஜர் அசரவில்லை. “பூஜைக்காகக் கார்டைக் கழட்டி வெச்சிருப்பாங்க சார். மாலை போடணும்ல? அப்புறம் இவன் திருப்பி மாட்டவே இல்லை. இந்தப் படமே அதுக்குச் சாட்சி.”

துணைக்குப் போயிருந்த வேம்புலியின் காது இரண்டும் சிவந்தன. எழுந்து பாயப் போனவர், பக்கத்தில் இருந்தவனைப் பார்த்தார். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தார். சட்டைப்பையிலிருந்து டூல் ரூம் லென்ஸை எடுத்து உலகநாதனின் முன்னால் வைத்தார்.

உலகநாதன் லென்ஸைப் படத்தின் மேல் வைத்துக் குனிந்து பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு எழுந்து நின்றான்.

“சார், மெஷின்கிட்ட வாங்க.”

வக்கீல் போனார். மேனேஜரும் போக வேண்டியிருந்தது. பிரஸ்ஸின் இரண்டு பக்கத்து இரும்பிலும் மஞ்சள் கார்டின் போல்ட்டுகள் பக்கத்துக்கு இரண்டாக நின்றன.

“படத்துல இதே எடத்தைப் பாருங்க. ரெண்டு பக்கமும் விபூதிப் பட்டை. நான் போட்டது. இந்த மூணு வெரலால போட்டது.” கட்டுப்போட்ட கையைத் தூக்கிக் காட்டினான். “மூணு கோடும் முழுசா கீது. நடுவுல ஓட்டை இல்ல, ஒண்ணும் இல்ல, மொழு மொழுன்னு இரும்பு. கார்டைக் கழட்டி வெச்சேன்றாரு. ஓட்டையையும் கழட்டி வெச்சேனா? சொல்லச் சொல்லுங்க சார். போல்ட் போட்ட ஓட்டைய நான் கழட்டி எங்க வெச்சேன்?”

கடைசி வார்த்தை கத்தலாக வந்தது. பிரஸ் ஷாப்பில் ஒவ்வொரு மெஷினாக நின்றது. வக்கீல் லென்ஸ் வழியாகப் படத்தையும் வெறும் கண்ணால் போல்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். மேனேஜர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இந்த முறை துடைத்துக்கொண்டே இருந்தார்.

உலகநாதனின் மேல் இருந்த குற்றச்சாட்டு போயிற்று. வேலை திரும்பக் கிடைத்தது, ஸ்டோரில். பொங்கலுக்குள் ஒன்பது பிரஸ்ஸுக்கும் கார்டு வந்தது. வேம்புலி ஜேம்ஸின் ஸ்டூடியோவுக்குப் போய் மன்னிப்புக் கேட்டார். ஜேம்ஸ் நிமிர்ந்தே பார்க்கவில்லை, “வாசல்ல நின்னு கத்தினே, வாசல்ல நின்னே கேளு” என்றார். வேம்புலி வாசலில் இறங்கி நின்று கேட்டார். குளியலறை மறுபடி குளியலறை ஆனது. சாமி பல்பு சாமியிடம் போனது.

மறுவருஷம் ஆயுத பூஜைக்கு இரண்டு நாள் முன்னால் நோட்டீஸ் போர்டில் புதுத் தாள் தொங்கியது. பூஜை அன்று கம்பெனி வளாகத்துக்குள் காமிரா கொண்டுவரக் கூடாது.

பூஜை அன்று உலகநாதன் ஸ்டோரிலிருந்து ஆறாம் நம்பர் பிரஸ்ஸுக்கு வந்தான். இடது கையில் விபூதியைக் குழைத்துக்கொண்டு பட்டை போட்டான். கோணலாக வந்தது. போல்ட் தலை தட்டிய இடத்தில் கோடு விட்டுப்போயிற்று. அதன் மேலேயே இன்னொரு தடவை அழுத்திப் போட்டான், அப்போதும் விட்டுப்போயிற்று.

பார்த்துக்கொண்டிருந்த வேம்புலியின் காது சிவந்தது.

“இந்த நாலு போல்ட்டு போன வருசம் எங்கடா இருந்துச்சு?” என்று கத்தினார்.

பதில் சொல்ல வேண்டிய பர்சனல் மேனேஜர் நாலடி தள்ளித் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தார்.