நட்டு முறுக்கும் நாகபூஷணம்

ஸ்பானரை நட்டில் மாட்டியதும் நாகபூஷணம் முகத்தை ஒருபக்கமாகத் திருப்பிக் கண்களை இறுக மூடிக்கொள்கிறார். நட்டிலிருந்து தீப்பொறி எதுவும் பறக்கப்போவதில்லை. வண்டிக்கு அடியில் சாக்கை விரித்து மல்லாந்து படுத்தபடி, சைலென்சர் பைப்பில் ஒரு கிளாம்ப் வளையத்தை மாட்டிக்கொண்டிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் இருபது வருஷத்துக்கும் மேலாக வெல்டிங் அடித்த மனிதர். கழுத்து தானாகத் திரும்பிக்கொள்கிறது.

ரேணிகுண்டாவில், விமான நிலையத்துக்குப் பிரியும் சாலைக்குச் சற்று முன்னால், புங்கமரத்தடித் தகரக் கொட்டகைதான் அவருடைய கடை. சைலென்சர் வேலை மட்டும். பூர்வீகம் நகரி. வீட்டில் எல்லோரும் விசைத்தறிக்குப் போக, இவருக்கு மட்டும் அந்தச் சத்தம் ஒத்துவரவில்லையாம். அதற்காக ஓட்டை சைலென்சர்களின் நடுவே வந்து உட்கார்ந்த புத்திசாலி. காலையில் இட்ட விபூதி பத்து மணிக்குள் கரியோடு கலந்து நெற்றி முழுக்கச் சாம்பல் பூத்துவிடும். வண்டிக்காரரிடம் தெலுங்கு பேசுவார், வண்டியிடம் தமிழ். "அய்யே, இன்னாடி உன்னை இப்டித் துருப்புடிக்க உட்டு வெச்சிக்கிறான்?" என்று பைப்பைத் தட்டிக் கேட்பார்.

"நான் பத்த வெச்ச வண்டி இன்னொரு தபா இந்தப் பக்கமே வராது" என்பது அவருடைய நெடுநாள் பெருமை. வந்தவர் திரும்ப வரமாட்டார் என்று மார்தட்டிக்கொண்ட கடைக்காரர் ரேணிகுண்டாவில் இவர் ஒருவராகத்தான் இருக்கும். கிளாம்ப், போல்ட் என்று யாராவது பேச்செடுத்தால் உதட்டைப் பிதுக்குவார். "கிளாம்ப்பு போடறவன் மெக்கானிக்கா? பொட்டலம் கட்றவன்."

அந்தப் பேச்செல்லாம் போன வருஷத்தோடு சரி. வெல்டிங் கண்ணாடியை ஆணியில் அழகுக்கு மாட்டிவைத்துவிட்டு, கண்ணை மூடித் திறந்து சமாளித்தே காலத்தை ஓட்டியவர். எவ்வளவு மூடினாலும் அந்த வெளிச்சம் உள்ளே புகுந்திருக்கிறது. பார்வையின் நடுவில் ஒரு புள்ளி கருகிவிட்டது, இனியும் வெல்டிங் அடித்தால் மிச்சமும் போகும் என்று திருப்பதியில் கண் டாக்டர் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். திரும்பி வரும்போது பஸ்ஸின் பெயர்ப்பலகையை மனைவி சுலோசனாதான் படித்துச் சொன்னாள். வீட்டுக்கு வந்து நாகபூஷணம் வாய்விட்டு அழுதார்.

சுலோசனாவின் அண்ணன் ஒரு கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லிவைத்தார். தெரிந்த தொழிலை விட்டு கேட்டருகே ஸ்டூலில் உட்கார நாகபூஷணத்துக்கு மனம் இல்லை. தான் ஏளனம் செய்த கிளாம்ப்பையே கையில் எடுத்தார். சுலோசனா ஊர்த் திருவிழா வரை கெடு வைத்தாள். "கங்கம்மா ஜாத்திரை வரைக்கும் பாருய்யா. அதுக்குள்ள கடை நிக்கலேன்னா காக்கிச்சட்டையைப் போட்டுக்கினு போயிடணும்."

கை மாறியதே தவிர மனசு வெல்டிங்கிலேயே இருந்தது. ஜென்மத்துக்கும் கழலக்கூடாது என்று அவர் முறுக்கிய முறுக்கில் பைப் நசுங்கிச் சப்பிப்போனது. சப்பின இடத்தில் புகை கசிந்து, வண்டிகள் வரிசையாகப் புர்ர் என்று திரும்பி வந்தன. "வெல்டிங் கொட்டேசி உன்டே அய்போயேதி கதன்னா" என்று ஒரு டிரைவர் தலையில் அடித்துக்கொண்டார். வெல்டிங் அடித்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்குமே என்ற அங்கலாய்ப்பு. நாகபூஷணத்துக்கும் அதே அங்கலாய்ப்புதான். யாரிடம் சொல்ல?

போகப் போகத்தான் கைக்குப் பக்குவம் வந்தது. இரும்பு சூட்டில் விரியும், ஆறினால் சுருங்கும். கிளாம்ப் கொஞ்சம் இளகும். அளவாக முறுக்கி, சில நாள் ஓடவிட்டு, மறுபடி ஒருமுறை முறுக்கிவிட்டால் பிறகு அசையாது. ஆனால் அதற்கு வண்டி திரும்ப வரவேண்டுமே! வாய் கூசினாலும் ஒவ்வொருவரிடமும் சொல்லிப் பார்த்தார். எல்லோரும் தலையாட்டினார்கள், ஒருவரும் வரவில்லை. சத்தம் இல்லாத வண்டியைச் சைலென்சர் கடைக்கு யார் ஓட்டி வருவார்கள்? கிளாம்ப் இளகி வண்டி கத்திய பிறகு வந்து திட்டினார்கள்.

ஜாத்திரைக்குக் கொஞ்ச நாள் இருக்கையில் ஏர்பேட்டிலிருந்து சுஷ்மிதா வந்தாள். கம்பெனிக்குப் போகும் பெண்களை ஏற்றிச்செல்லும் பழைய வேன், ஓட்டுவதும் அவள்தான். முன்சீட்டுக்கு அடியில் எஞ்சின். பைப் இணைப்பில் கசியும் புகை உள்ளே ஏறி, தலைவலி என்று பெண்கள் ஒவ்வொருவராக வேனில் வருவதை நிறுத்திக்கொண்டிருந்தார்கள்.

"எத்தினி தபா வெல்டிங் வெச்சாலும் அது பக்கத்துலயே வெடிச்சிடுதுண்ணா."

"பைப்பு காயிதமாட்டம் ஆயிடுச்சி மா. இதும்மேல நெருப்பு வெச்சா இன்னும் ஓட்டை உயும்."

ஒட்டுப்போட்ட பகுதியை அறுத்தெடுத்து, இரண்டு முனைகளையும் மூடும்படி உறை போல ஒரு புதுப் பைப்பைச் செருகி, இருபுறமும் கிளாம்ப் போட்டார். "வெள்ளிக்கிழமை வா மா. சத்தம் வந்தாலும் வா, வரலேன்னாலும் வா" என்றார். அவளும் தலையாட்டினாள்.

வெள்ளிக்கிழமை காலையிலிருந்து அவர் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார். தூரத்தில் எந்த வேன் தெரிந்தாலும் எழுந்து நின்றார். மதியம் சோறு கொண்டுவந்த சுலோசனா, "அந்த வேனு வராது. வாட்ச்மேன் வேலைக்கு அண்ணன் போன் மேல போன் போட்டுக்கினு கீது, இன்னா சொல்லட்டும்? மொதல்ல துன்னு" என்றாள். இரண்டு வாய் வைத்திருப்பார். வேன் வந்து நின்றது. எச்சில் கையோடு ஓடினார்.

"சத்தம் வந்துடுச்சா மா?"

"இல்லண்ணா. நீங்கதான வெள்ளிக்கிழமை வரச் சொன்னீங்க?"

நாகபூஷணம் எச்சில் கையைச் சாக்கில் துடைத்துக்கொண்டு ஸ்பானரை எடுத்தார். அடியில் படுத்து முறுக்கினார். நட்டு கொஞ்சம் சுற்றி, கெட்டியாக நின்றது. வெளியே வந்து, ஒரு சாக்கைத் தண்ணீரில் நனைத்து மடித்துப் பின்பக்கப் பைப் வாயில் வைத்து அமுக்கிக்கொண்டு, "ஸ்டார்ட் பண்ணு மா" என்றார். எஞ்சின் ஓடியது, திணறியது, குலுங்கி நின்றுபோனது.

"அய்யோ, நின்னுடுச்சேண்ணா!"

"நிக்கணும் மா! எங்கனா சந்து இருந்தா பொகை அந்த வழியா பூடும், வண்டி ஓடிக்கினே இருக்கும். போறதுக்கு வழியே இல்ல, அதான் நின்னுடுச்சி."

சுலோசனா சோற்றுப் பாத்திரத்தை மூடி வைத்துவிட்டு வந்தாள். அவரை ஒதுக்கிவிட்டுக் குந்தி, சாக்கை வாங்கித் தானே பைப் வாயில் அழுத்தினாள். சுஷ்மிதா சாவியைத் திருப்ப, எஞ்சின் சுலோசனாவின் உள்ளங்கைகளுக்குக் கீழே முட்டி மோதி அடங்கியது. இடுப்பில் செருகியிருந்த போன் அடித்தது, அண்ணனாகத்தான் இருக்கும். அவள் கையை எடுக்கவில்லை.

"இன்னொரு தபா ஸ்டார்ட் பண்ணு மா" என்றாள்.