நான் ஒதுக்கி வைத்த ஏழு சீட்டுகள்

சில வருடங்களுக்கு முன், பொதுத்தேர்தல் நெருங்கிக்கொண்டிருந்த நேரம். சுங்கை பட்டாணி நகரத்துக்கு வெளியே ஒரு கிறிஸ்தவப் பல்கலைக்கழகத்தில் நான் கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். குடியியல் பாடத்துக்காக ஒரு சனிக்கிழமை காலை பொதுக் கலந்துரையாடல் வைத்தார்கள். தலைப்பு, 'பொறுப்புள்ள குடிமக்கள்'. மாணவர்கள் மட்டும் வந்தால் மண்டபம் நிறையாது என்று, சிடாம் கிரி பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து வேன் வைத்து இருபது பேரை அழைத்து வந்தார்கள்.

சபையில் இருப்பவர்கள் கேள்விகளைச் சீட்டில் எழுதித் தருவார்கள். அவற்றைப் பிரித்துப் பார்த்து, மேடையில் இருந்த எங்கள் விரிவுரையாளரிடம் கொடுப்பது என் வேலை. "பிரச்சினை வர்ற மாதிரி எதுவும் வேணாம்மா. நல்லதா நாலு பொறுக்கிக் குடு" என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். பெருமையாகத் தலையாட்டினேன். நானும் தோட்டத்தில் பிறந்தவள்தான். அப்பா டவுன் பக்கம் மெர்கோங்கில் வீடு வாங்கிய பிறகு அதை யாரிடமும் சொல்வதில்லை, அவ்வளவுதான்.

பேச வந்தவர் ஒரு வழக்கறிஞர். நன்றாகப் பேசினார். ஓட்டுப் போடாதவர்களுக்கு நாட்டைக் குறை சொல்லும் உரிமையே கிடையாது என்றார். கைதட்டல் எழுந்தது. நானும் தட்டினேன்.

மூன்றாவது வரிசையில் இருந்த ஓர் அக்கா என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். நாற்பத்தைந்து வயது இருக்கும். கையுறைத் தொழிற்சாலையில் துப்புரவு வேலை செய்பவர். "எனக்கு எழுத வராது தங்கச்சி, நீயே எழுதிக்க" என்று மெதுவாகச் சொன்னார். நான் எழுதினேன். அவர் பிறந்தது அந்தத் தோட்டத்தில்தான். ஆனால் அவரிடம் இருப்பது சிவப்பு ஐ.சி., குடியுரிமை இல்லாதவர்களுக்குக் கொடுக்கும் அடையாள அட்டை. அதை வைத்துக்கொண்டு ஓட்டுப் போட முடியாது. அப்படியானால் தான் குறை சொல்லலாமா, கூடாதா? இதுதான் அவர் கேள்வி.

மேடைக்கு நடந்தபோது அந்தச் சீட்டை இன்னொரு தடவை பார்த்தேன். பிரச்சினை வரும் என்று தோன்றியது. ஒதுக்கி வைத்தவற்றோடு சேர்த்துவிட்டேன். அதற்கு முன்பே தோட்டத்து ஆட்களின் ஆறு சீட்டுகளை ஒதுக்கியிருந்தேன். ஒன்றில், தோட்டத்தில் மூன்று நாளாகத் தண்ணீர் வரவில்லை, யாரிடம் சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தது. தலைப்புக்குச் சம்பந்தமில்லை என்று நினைத்தேன்.

நிகழ்ச்சி முடியும் நேரத்தில் வழக்கறிஞர் சிரித்துக்கொண்டே சொன்னார்: "தோட்டத்துல இருந்து வந்தவங்க ஒரு கேள்விகூடக் கேட்கல, பாருங்க. இந்த அலட்சியம்தான் நம்ம பிரச்சினையே."

அந்த அக்கா திரும்பி என்னைப் பார்த்தார். வெறுமனே பார்த்தார். விரிவுரையாளர் முடிவு ஜெபத்தை ஆரம்பித்தார். எல்லோரும் தலை குனிந்தார்கள். என்னால் கண்ணை மூட முடியவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. வாயைக் கட்டிப்போட்டுவிட்டு, பேசவில்லை என்று அவர்கள் மேலேயே பழி போடுகிறார்களே. போதாததற்கு, கட்டிப்போட்டவளே நான்தான்.

ஆமென் சொல்லி முடிந்ததும் மைக்கை எடுத்தேன். ஏழு கேள்விகள் வந்தன, நான்தான் கொடுக்கவில்லை என்று சொல்லிவிட்டு வாசிக்க ஆரம்பித்தேன். மூன்றாவது சீட்டிலேயே மைக்கை நிறுத்திவிட்டார்கள். கத்தி வாசித்தேன். அக்காவின் கேள்வியைக் கடைசியாக வாசித்தபோது, இது தனிப்பட்ட விஷயம், அப்புறம் பேசிக்கொள்ளலாம் என்றார் வழக்கறிஞர்.

அந்த அக்கா எழுந்து நின்றார். "அப்புறம்னா எப்பங்க? வேன் கிளம்பிரும்லா."

வாசல்வரை போன மாணவர்கள் சிலர் திரும்பி வந்து உட்கார்ந்தார்கள். வழக்கறிஞர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, தான் அப்படி ஒட்டுமொத்தமாகச் சொல்லியிருக்கக் கூடாது என்று முணுமுணுத்துவிட்டுக் கிளம்பிப் போனார். அவர் போன பிறகுதான் உண்மையான கலந்துரையாடல் நடந்தது. சிவப்பு ஐ.சி. என்றால் என்னவென்றே தெரியாமல் பட்டம் வாங்கப் போகிறோமே என்று ஒரு மாணவி எல்லோர் முன்னாலும் சொன்னாள். வேன் ஓட்டுநர்கூட உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டார்.

திங்கட்கிழமை விரிவுரையாளர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். பல்கலைக்கழகத்தின் பேரைக் கெடுத்துவிட்டதாகச் சொன்னார். அந்த அக்காவுக்காக ஜெபித்ததாகவும் சொன்னார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஜெபிக்கும் வாயால் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியிருந்தால் என்ன சார் என்று குரலை உயர்த்தினேன். அவர் கோபப்படவில்லை.

"பிரச்சினை வேணாம்னுதான் நான் சொன்னேன். தோட்டத்துச் சீட்டா பார்த்து ஒதுக்குன்னு சொன்னேனா?"

அவர் மேல் இருந்த கோபம் குறையவில்லை. ஆனால் அதைவிடப் பெரிய கோபம் என் மேலேயே வந்தது.

அடுத்த வாரம் மோட்டார் சைக்கிளில் தோட்டத்துக்குப் போய் அந்த அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "மன்னிப்பெல்லாம் கிடக்கட்டும், குடியுரிமை மனுப் பாரம் நிரப்பத் தெரியுமா?" என்று கேட்டார். நிரப்பிக் கொடுத்தேன். பதிவு அலுவலகத்துக்கும் கூடவே போனேன். அவருடைய மனுவுக்கு இன்னும் முடிவு தெரியவில்லை. இப்போதும் கூடவே போய்க்கொண்டிருக்கிறேன்.

எந்தக் கூட்டத்திலாவது 'எல்லாரும் அமைதியா இருக்காங்க, திருப்திதான் போல' என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குச் சுர்ரென்று ஏறும். அந்தக் கோபம் மட்டும் தணிந்துவிடக் கூடாது என்றுதான் நினைக்கிறேன், ஏனென்றால் அது தணிந்தால் நான் மறுபடியும் சீட்டுப் பொறுக்க ஆரம்பித்துவிடுவேன்.