பயம் முதலில் இறங்கியது

கம்பத்தில் குடியிருக்கும் பங்கிராஸுக்கு நாற்பத்தேழு வயது. பதினாறு வருடமாக ஒரே வேலைதான். காலை ஆறு மணிக்குச் சுருளிப்பட்டியில் பெண்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, மெட்டு எனப்படும் மலைப்பாதை ரோட்டில் ஏறி, கேரளத்து ஏலத்தோட்டத்தில் இறக்கிவிடுவார். சாயங்காலம் திரும்பக் கூட்டிவருவார். ஸ்டியரிங்கைப் பிடித்துவிட்டால் அவருக்கு வாய் ஓயாது. பின்னால் உட்கார்ந்திருக்கும் பத்துப் பேருக்கும் இன்ஜின் சத்தத்தில் எதுவும் காதில் விழாது. முன்சீட்டில் எப்போதும் கருத்தம்மாள். வயதானவர் என்று அந்த இடத்தை அவருக்கே விட்டிருந்தார்கள். பங்கிராஸ் அவரிடம்தான் பேசிக்கொண்டு போவார். அவர் அவ்வப்போது 'உம்' கொட்டுவார்.

போன ஆண்டு ஆனி மாதம் ஒரு திங்கட்கிழமை, தோட்டத்து வாசலில் ஜீப் நின்ற பிறகும் கருத்தம்மாள் இறங்கவில்லை. பின்னாலிருந்து இறங்கி வந்த மகள் ஜக்கம்மா தோளைத் தொட்டு எழுப்பினாள். தலை சரிந்தது. தோட்டத்து மருந்தகத்தில் இருந்தவர் பார்த்துவிட்டு, உயிர் போய் அரைமணி நேரமாவது இருக்கும் என்றார். மாரடைப்பு.

யாரும் பங்கிராஸைக் குறை சொல்லவில்லை. அடக்கம் முடிந்து மூன்றாம் நாள் அவர் மறுபடியும் வண்டி எடுத்தார். முன்சீட்டில் வேறொருத்தி ஏறினாள். அவர் பேசவில்லை. அது யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை. துக்கம், போகப் போகச் சரியாகும் என்று இருந்துவிட்டார்கள்.

ஆவணியில் ஒருநாள் மெட்டு ரோட்டின் நாலாவது வளைவில் அவருடைய கைகள் ஸ்டியரிங்கிலேயே நின்றுவிட்டன. நெஞ்சு அடித்துக்கொண்டது, காது அடைத்தது. பிரேக்கை மிதித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். "அண்ணே, என்னாச்சு?" என்று பெண்கள் கேட்டது அடுத்த தெருவில் யாரோ பேசுவதுபோல் கேட்டது. பின்னால் வந்த ஜீப்பில் மைத்துனன் பொன்னுராஜ் இருந்தது நல்லதாயிற்று. அவன் அவரை நகர்த்தி உட்காரவைத்துவிட்டு வண்டியைக் கீழே கொண்டுவந்தான்.

இசிஜி எடுத்தார்கள். எக்கோ பார்த்தார்கள். இருதயம் நன்றாக இருந்தது. அதற்குப் பிறகு பங்கிராஸ் வீட்டிலேயே இருந்தார். மூன்று மணிக்கே விழிப்பு வந்துவிடும். எழுந்திருக்க மாட்டார். ஜீப்பை பொன்னுராஜ் ஓட்டினான். தெருவில் ஒரு ஜீப் கியர் மாற்றும் சத்தம் கேட்டால் பங்கிராஸுக்கு உள்ளங்கை வேர்க்கும். மற்றபடி ஒன்றும் இல்லை. பூர்வீக ஊரான இராயப்பன்பட்டியில் கோயில் திருவிழாக் கொடியேற்றத்துக்குப் போனார். எல்லோரும் மேலே பார்த்தபோது அவரும் பார்த்தார். பஸ்ஸுக்கு நிற்பதுபோல் நின்றுவிட்டு வந்தார்.

மனைவி ஞானசெல்வி ஒருநாள் வேண்டுமென்றே உப்புப் போடாமல் குழம்பு வைத்தாள். அவர் தட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார். அன்றைக்குத்தான் அவள், தேனியில் நர்ஸாக இருக்கும் மகள் அனிதா மேரிக்குப் போன் செய்து அழுதாள்.

அனிதா மேரிதான் இடம் பார்த்தாள். "அப்பா, பேசுறதுக்குன்னே ஒருத்தரு இருக்காக. வாரம் ஒருநா. டாக்டரும் பாப்பாக. மாத்திரை வேணுமா வேணாமான்னு அப்புறம் சொல்லுவாக." பங்கிராஸ் சரி என்றார். வேண்டாம் என்று சொல்வதற்கும் தெம்பு வேண்டியிருந்தது.

ஆலோசகர் முத்துலட்சுமிக்கு முப்பத்தைந்து வயது இருக்கும், பழனிசெட்டிபட்டிக்காரர். பேச்சைத் தொடங்குமுன் இரண்டு தாள்களைக் கொடுத்தார். ஒன்று மனச்சோர்வுக்கு, மற்றது பதற்றத்துக்கு. கடந்த இரண்டு வாரத்தில் இதெல்லாம் எத்தனை நாள் இருந்தது என்று டிக் அடிக்க வேண்டும்; கூட்டினால் ஒவ்வொரு தாளுக்கும் ஒரு எண் வரும். தூக்கம், பசி, களைப்பு, கவலையை நிறுத்த முடியாமை. 'எதிலும் ஆர்வமோ சந்தோஷமோ இல்லை' என்ற வரிக்கு 'ஏறக்குறைய தினமும்' என்று அடித்தார். செத்துப்போனால் தேவலை என்ற எண்ணம் உண்டா என்ற கேள்வியில் பேனா நின்றது. 'சில நாட்கள்' என்று அடித்தார்.

முத்துலட்சுமி அதை நேராகவே கேட்டார். "ஏதாவது பண்ணிக்கணும்னு யோசிச்சீங்களாண்ணே?"

"இல்ல மேடம். சாகணும்னு இல்ல. இருக்கணும்னும் இல்ல."

அவர் அதை எழுதிக்கொண்டார். பங்கிராஸின் சம்மதத்தோடு ஞானசெல்வியை உள்ளே கூப்பிட்டு விஷயத்தைச் சொல்லி, எந்த நேரமும் கூப்பிடலாம் என்று ஒரு நம்பரைக் கொடுத்தார். அன்று டாக்டரும் பார்த்தார். ஒன்றிரண்டு மாதம் பேசிப் பார்ப்போம், எண் இறங்காவிட்டால் மாத்திரை தொடங்கலாம் என்றார்.

வியாழக்கிழமைதோறும் கம்பத்திலிருந்து தேனிக்கு பஸ். முதல் வாரங்களில் பெரிதாக எதுவும் பேசவில்லை. முத்துலட்சுமி சின்னச் சின்ன வேலைகள் கொடுத்தார். விழித்தால் படுத்தே இருக்காமல் எழுந்து நடப்பது. நிற்கிற ஜீப்பில் பத்து நிமிடம் சும்மா உட்காருவது. அடுத்த வாரம் இன்ஜினை மட்டும் ஸ்டார்ட் பண்ணுவது. அப்புறம் மலையடிவாரம்வரை ஓட்டிப் போய்த் திரும்புவது. நெஞ்சு படபடத்தால் ஓடிவரக் கூடாது, அது தானாக அடங்கும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். சொன்னதைச் செய்தார். பொன்னுராஜ் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருப்பான்.

ஐந்தாம் வாரம் பதற்றத்தின் எண் பாதியாகக் குறைந்திருந்தது. தூக்கமும் ஐந்து மணிவரை நீண்டிருந்தது. ஆனால் மனச்சோர்வின் எண் இருந்த இடத்திலேயே இருந்தது. முத்துலட்சுமி இரண்டையும் கோடாகப் போட்டுக் காட்டினார்.

"பயம் போயிருச்சு மேடம். அது போன எடத்துல ஒண்ணும் இல்ல. பயமாவது இருந்துச்சு."

"சில பேருக்குப் பயம் முதல்ல இறங்கும். மத்தது மெதுவா வரும். ரெண்டும் சேர்ந்து இறங்கணும்னு இல்லண்ணே." பிறகு அவர் கேட்டார்: "கருத்தம்மாள் இறந்த அன்னைக்கு வண்டியில என்ன பேசிக்கிட்டு போனீங்க?"

பங்கிராஸ் சொன்னார். அனிதா மேரிக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. பையன் வீட்டார் பேசிய விதம் பிடிக்கவில்லை. வேண்டாம் என்று சொல்வதா, என்ன செய்வது என்று கருத்தம்மாளிடம் கேட்டுக்கொண்டே ஏறினார். அவர் பதில் சொல்லவில்லை. யோசிக்கிறார் என்று நினைத்துக்கொண்டார். மலை முழுக்க யோசிக்க விட்டுவிட்டு, கடைசி வளைவில், "நீ சொல்றதும் சரிதான் ஆத்தா" என்று பங்கிராஸே முடித்துக்கொண்டார்.

"பொணத்துக்கிட்ட பேசிக்கிட்டுப் போயிருக்கேன். திரும்பிப் பாத்திருந்தா மெட்டுலயே ஆஸ்பத்திரிக்கு விட்டிருக்கலாம்."

இதைச் சொல்லும்போது அவருக்கு அழுகை வரவில்லை. பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னார்.

சொன்ன பிறகு லேசாகும் என்று ஞானசெல்வி எதிர்பார்த்தாள். அடுத்த வாரம் இரண்டு எண்களும் ஏறியிருந்தன. தூக்கம் மறுபடி மூன்று மணிக்குப் போனது. நல்லா இருந்தவரைக் கிளறிவிட்டாக என்று அவள் அனிதா மேரியிடம் கோபப்பட்டாள். டாக்டர் மறுபடி பார்த்தார். இப்போது எண் ஏறியது பேசியதால்தானா என்று தெரியவேண்டும், இன்னும் இரண்டு வாரம் பார்ப்போம் என்றார். ஆனால் வியாழக்கிழமை பங்கிராஸ் தானாகவே சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினார்.

எட்டாம் வாரம் அவர் சுருளிப்பட்டிக்குப் போனார். அது முத்துலட்சுமி சொன்னதல்ல, அவராகப் போனது. ஜக்கம்மா வீட்டு வாசலில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னார். அவள் கையைக் கழுவிக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

"அண்ணே, எங்காத்தா வண்டியில ஏறுனதும் தூங்கிப் போகும். இன்னைக்கு நேத்தா? நீங்க பேசுறத அது ஒருநாளும் கேட்டதில்ல. 'அந்த ஆளு என்னமோ சொல்லிக்கிட்டே வாராரு, எனக்கு நல்லாத் தூக்கம் வருது'ன்னு சொல்லும்."

"ஒருநாளுமா?"

"உம்னு கொட்டுமே, அது தூக்கத்துலதேன். எப்பவும் தூங்குறதாலதேன் நாங்க பத்துப் பேரும் எதையும் கண்டுபிடிக்கல. அங்கன ஆஸ்பத்திரிக்கு விட்டிருந்தாலும் பிரயோசனமில்லன்னு தோட்டத்து மருந்தகத்துலயே சொன்னாக. உக்காருங்க, காப்பி போடுறேன்."

அவர் உட்காரவில்லை. ஜீப்பில் ஏறி வரும் வழியில் முகம் சூடாவது தெரிந்தது. எத்தனை வருடப் பேச்சு. தங்கச்சி கல்யாணம், வண்டிக்கு டியூ கட்ட முடியாமல் தவித்தது, அப்பா படுத்த படுக்கையாகக் கிடந்தது, எல்லாவற்றுக்கும் 'உம்' கொட்டியவர் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறார்.

வியாழக்கிழமை அதைத்தான் முதலில் சொன்னார். "கோவம் வந்துச்சு மேடம். செத்துப்போன மனுசி மேல."

"எவ்வளவு நேரம் இருந்துச்சு?"

"வீட்டுக்குப் போற வரைக்கும். ராத்திரி சாப்புடையிலயும் கொஞ்சம்." பிறகு, "அன்னைக்கு ஞானசெல்வியையும் திட்டிட்டேன். ரசம் புளிக்குதுன்னு."

முத்துலட்சுமி சிரித்தார். அந்த வாரத் தாளில் ஆர்வமும் சந்தோஷமும் என்ற வரியில் டிக் முதன்முறையாக 'ஏறக்குறைய தினமும்' என்பதிலிருந்து ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்ந்திருந்தது. செத்துப்போனால் தேவலை என்ற வரியில் 'ஒருநாளும் இல்லை'.

பதினான்கு வாரத்தில் சந்திப்புகள் முடிந்தன. மாத்திரை தேவைப்படவில்லை. பதற்றத்தின் எண் ஏறக்குறையத் தரையைத் தொட்டது. மனச்சோர்வு பாதிக்குக் கீழே வந்து அங்கேயே நின்றது. அவ்வளவுதானா என்று பங்கிராஸ் கேட்டார். இன்னும் இறங்கலாம், இறங்காமலும் இருக்கலாம், கூடினால் உடனே வாருங்கள் என்றார் முத்துலட்சுமி.

இப்போது வாரத்தில் நான்கு நாள் அவர் மெட்டு ஏறுகிறார். இரண்டு நாள் பொன்னுராஜ். வண்டியில் முன்னைப்போல் பேசுவதில்லை. கேட்டால் பதில் சொல்கிறார். அனிதா மேரிக்கு வேறொரு இடத்தில் நிச்சயமானது. அன்று சந்தோஷமாக இருந்ததா என்று மகள் கேட்டதற்கு, "கொஞ்சம் இருந்துச்சுத்தா" என்றார். பொய் சொல்லவில்லை.

சில காலைகளில் எழுந்தால் உள்ளே ஒன்றுமே இருக்காது. அன்றைக்கு, "இன்னைக்கு உள்ள ஒண்ணும் இல்ல செல்வி" என்று மட்டும் சொல்வார். அவள் காரணம் கேட்பதில்லை. டிபனைக் கட்டிக் கையில் கொடுப்பாள். அவர் வாங்கிக்கொண்டு வண்டி எடுக்கப் போவார்.