வெறும் வயிற்றுச் சத்தியம்

எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டர் என்று இருப்பது ஸ்த்ராவ்கா ஒருவர்தான். முப்பது வருடமாக அவர் பக்கத்தில் நின்று ஊசி எடுத்துக் கொடுக்கும் நர்ஸ் நான். இத்தனை வருடத்தில் அவரிடம் உண்மை பேசிய நோயாளிகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

மயங்கிய ஆளின் வயிற்றில் சாப்பாடு இருந்தால் அது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கும், ஆள் போய்விடுவான். இதைச் சுவரில் எழுதி வைத்திருக்கிறோம், வாய் வலிக்கச் சொல்கிறோம், கையெழுத்தும் வாங்குகிறோம். ஆனால் எங்கள் ஊர்ப் பெண்களுக்குப் புருஷனை வெறும் வயிற்றோடு கத்திக்கு அனுப்ப மனசு வராது.

நேராகக் கேட்டால் பதில் வராது என்று டாக்டர் சுற்றி வளைப்பார். "குடிப்பீங்களா?" என்று கேட்கமாட்டார். "இந்த வருஷம் எத்தனை லிட்டர் ரக்கியா காய்ச்சுனீங்க?" என்பார்.

"நூறு லிட்டர், டாக்டரம்மா! அத்தனையும் பிளம்ஸ் பழச் சாராயம்!" என்று மார்தட்டுவார்கள்.

"மிச்சம்?"

"பத்து இருக்கும்..."

குடித்துப் பழகிய உடம்புக்கு மருந்து கூடுதலாக வேண்டும் என்பதால், அதை வைத்து அளவை முடிவு செய்வார். கொஞ்ச காலத்தில் இந்தத் தந்திரமும் ஊருக்குத் தெரிந்துபோயிற்று. இப்போது கேட்டால் ஊரில் ஒருத்தரும் காய்ச்சுவதே இல்லையாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறார்கள்.

தேனீ வளர்க்கும் ஸ்தாமெனுக்குப் பித்தப்பை நிறையக் கல். ஆபரேஷன் செய்யும் கம்புரோவ் புதன்கிழமை மட்டும்தான் வருவார். முதல் புதன், ஸ்தாமெனின் மீசையில் பணித்ஸாவின் பொருக்கு ஒட்டியிருந்தது. பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட அடுக்கு ரொட்டியை ஒரு தட்டு முடித்துவிட்டு வந்திருக்கிறார். திருப்பி அனுப்பினோம். இரண்டாம் புதன், வாயில் ரக்கியா வாடை. "தைரியத்துக்கு ஒரு மடக்கு," என்றார். மூன்றாம் புதன் காய்ச்சலோடு கண்ணெல்லாம் மஞ்சளாக வந்து சேர்ந்தார். இன்னொரு வாரம் தள்ளிப்போட்டால் ஆள் தாங்கமாட்டார்.

"காலையில உங்க வீட்டுல என்ன சமையல்?"

"ஒண்ணுமே இல்ல, டாக்டரம்மா."

"பணித்ஸா?"

"எங்கம்மா கல்லறை மேல சத்தியமா, தொடல!"

மனைவி டோன்கா குறுக்கே விழுந்தாள். "பட்டினி போட்டே மனுஷன கொன்னுடுவீங்க போல. பாருங்க, எலும்பும் தோலுமா கிடக்காரு."

கிடந்தவர் நூறு கிலோ இருப்பார்.

டாக்டர் என்னைத் தனியே இழுத்துச் சீறினார். "முப்பது வருஷமா போலீஸ்காரி மாதிரி விசாரிச்சுக்கிட்டு நிக்கிறேன், நெவெனா. இதுக்கா படிச்சேன்?" எனக்கும் வயிறு எரிந்தது. இந்த ஜனங்களுக்காகவா இவர் ஒரு நாள்கூட லீவு எடுக்காமல் கிடக்கிறார்!

உள்ளே படுக்க வைத்ததும், "நெவெனா, கழுத்து," என்றார். வயிறு நிறைந்திருக்கும் ஆளுக்குச் செய்யும் வேலை அது. இவர் எல்லோருக்கும் செய்வார். பால் போன்ற மருந்து நரம்பில் ஏற, நான் தொண்டையை விரல்களால் அழுத்தி உணவுக்குழாயை மூடினேன். ஸ்தாமெனுக்குக் கண் சொருகியது. அடுத்து, தசையைத் தளர்த்தும் மருந்து. ஒரு நிமிஷத்துக்கெல்லாம் மூச்சுக்குழாயில் டியூப் இறங்கிவிட்டது.

"எதுக்கு இவ்வளவு அவசரம்? அதான் சத்தியம் பண்ணாரே," என்று கம்புரோவ் சிரித்தார்.

"நீங்க கல்ல எடுங்க," என்றார் டாக்டர்.

எல்லாம் முடிந்து, ஸ்தாமென் கண்ணைத் திறந்து, சொன்னபடி என் கையை இறுக்கிப் பிடித்த பிறகே டியூபை எடுத்தார். எடுத்ததுதான் தாமதம், மனிதர் ஒருக்களித்து டாக்டரின் செருப்பு மேலேயே வாந்தி எடுத்தார். முழுசு முழுசாகப் பீன்ஸ். புதினா வாசனை வேறு.

"பணித்ஸாவுக்குத்தான சத்தியம் பண்ணேன், டாக்டரம்மா," என்று குழறினார். "இது சூப்பு."

டாக்டர் செருப்பைக் கழற்றி ஓரமாகப் போட்டார். டியூப் இறங்குவதற்கு ஒரு நொடி முன்னால் கழுத்திலிருந்து என் விரல் விலகியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

வெளியே டோன்கா கம்புரோவின் கையில் ஒரு பெரிய தேன் டப்பாவைத் திணித்து, அந்தக் கையை முத்தமிட்டாள். பிறகு எங்களைப் பார்த்து, "இனிமேலாவது அவருக்குச் சாப்பாடு குடுப்பீங்களா?" என்றாள்.

டாக்டர் வேறு செருப்பு மாட்டிக்கொண்டு அடுத்த நோயாளியிடம் போனார். அவர் ஒரு பள்ளிக்கூட டீச்சர்.

"காலையில என்னம்மா சாப்பிட்டீங்க?"

"ஒண்ணும் இல்ல, டாக்டரம்மா."

"சரிம்மா," என்று என் பக்கம் திரும்பினார். நான் ஏற்கெனவே கையுறை மாட்டி விரல்களைத் தயாராக வைத்திருந்தேன்.