ஐரிஷ் சிப்பாய்கள் போன வழியில், சதுரங்கப்பட்டினம் வரை

பிரெஞ்சுப் படையில் சேர்ந்து, 1758இல் சென்னையை முற்றுகையிட இந்தப் பக்கமாக வந்த ஐரிஷ் சிப்பாய்களை என் பேராசிரியர் ஒரே சொல்லில் முடித்துவிட்டார். கூலிப்படை. அவர்களைப் பற்றி நான் கட்டுரை எழுத வேண்டியிருந்தது; அந்தச் சொல் உறுத்தியது. 1974 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை, அவர்கள் நடந்த மண்ணைப் பார்க்கக் கிளம்பினேன்.

தாம்பரத்திலிருந்து செங்கல்பட்டுக்குப் பாசஞ்சர் ரயில், ஒரு மணி நேரம். அங்குள்ள கோட்டையின் நடுவே தண்டவாளம் ஓடுகிறது. சுவர் கொஞ்சம், அகழி கொஞ்சம். அரை மணி போதும்.

பிறகு திருக்கழுக்குன்றம் வழியாகச் சதுரங்கப்பட்டினத்துக்குப் பஸ். ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர், தொண்ணூறு பைசா. கல்பாக்கத்தில் அணுமின் நிலையம் கட்டுகிற ஆட்களால் நிற்கக்கூட இடமில்லை.

பக்கத்தில் நின்றவர் அந்தோணி. ஐம்பது வயதிருக்கும். பாண்டிச்சேரியில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து இந்தோசீனாவில் சண்டை போட்டவர். பிறகு பிரான்சிலேயே இருந்துவிட்டு, அந்த வாரம்தான் ஊர்ப்பக்கம் திரும்பியிருந்தார். தோள்பையில் பட்டாளத்துத் தகர மக் தொங்கியது.

ஐரிஷ்காரர்களைப் பற்றிச் சொன்னேன். கத்தோலிக்கர்கள் நிலம் வாங்கக்கூடாது, துப்பாக்கி வைத்திருக்கக்கூடாது என்று அவர்கள் நாட்டில் சட்டம் இருந்தது. அதனால்தான் கடல் தாண்டினார்கள்.

"அட! வெள்ளக்காரன்லகூட சேரி கீதா?" என்று சிரித்தார்.

சதுரங்கப்பட்டினம் கோட்டைக்கு முந்தின கூட்ரோட்டில் இருவரும் இறங்கினோம். எதிரே டீக்கடை. அவர் சிரிப்பு நின்றது. "நான் ஊர விட்டுப் போவ சொல்லோ, இங்க எங்க ஆளுங்களுக்குக் கொட்டாங்குச்சிலதான் ஊத்துவான். இன்னிக்கு பெஞ்சுல குந்திக் குடிக்கப் போறேன்."

உட்கார்ந்தோம். எனக்குக் கண்ணாடி கிளாஸில் வந்தது. கடைக்காரர் அந்தோணியை அடையாளம் கண்டுகொண்டு, அவர் பையைப் பார்த்தார்.

"அண்ணாத்த, மக்கு வச்சினுகிறியே. அதுல ஊத்தறேன், குடு."

நல்ல குரலில்தான் கேட்டார். அந்தோணியின் கை மக்கைத் தொட்டது. பிறகு அதைக் கழற்றிப் பைக்குள் போட்டு வாயைக் கட்டினார்.

"கிளாஸுல ஊத்து."

"இன்னாத்துக்கு பேஜாரு? டீ ஒண்ணுதானே?"

"ஒண்ணுதானே? அப்ப கிளாஸுல ஊத்து."

என் கிளாஸை நகர்த்தினேன். அந்தோணி அதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. "அது உன் டீ தம்பி. நான் கேட்டது என்னுது."

அவர் ஊருக்குப் போகும் பஸ் வந்தது. நின்றது. போயிற்று. அவர் அசையவில்லை.

கடைசியில் கடைக்காரர் ஒரு கிளாஸில் ஊற்றி, பலகை அதிர வைத்தார். "குடிச்சிட்டுப் போ. அத்த உடைச்சிப் போட்டுக்கறேன்."

"உடை. நாளைக்கும் வருவேன், நாளன்னிக்கும் வருவேன். உங்கிட்ட மொத்தம் எத்தினி கிளாஸ் கீது?"

பெஞ்சில் இருந்த கல்பாக்கம் கூலியாட்கள் வெடித்துச் சிரித்தார்கள். அந்தோணி நிதானமாகக் குடித்தார். கடைக்காரர் கிளாஸை எடுத்தார். கையில் வைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வாளியில் முக்கிக் கழுவினார்.

"இன்னொண்ணு" என்றார் அந்தோணி. "அதுலயே."

ஊற்றினார்.

கோட்டையில் டச்சுக்காரர்களின் கல்லறைகள் இருக்கின்றன. அருமையான செதுக்கு வேலை. ஐரிஷ் பெயர் ஒன்றுகூடக் கண்ணில் படவில்லை. போகிறவர்கள் குடிதண்ணீர் கொண்டுபோங்கள்; உள்ளே நிழல் குறைவு. சனிக்கிழமை பஸ்ஸைத் தவிருங்கள். அங்கிருந்து வடக்கே மாமல்லபுரம் பக்கம்தான்.

திங்களன்று கட்டுரையைக் கொடுத்தேன். கூலிப்படை என்ற சொல் அதில் இல்லை. அது இல்லாமல் மதிப்பெண் குறையும் என்றார் பேராசிரியர்.

குறையட்டும்.