நாலு கோடும் குறுக்கே ஒன்றும்

எங்கள் பாண்டில் வளன் அண்ணன் எந்த வாத்தியமும் வாசிக்கமாட்டார். ஆனால் அவர் இல்லாமல் பாண்டே இல்லை. பகலில் மில்லர்புரத்திலிருந்து சைக்கிள் மிதித்துப் போய்க் கப்பல் ஏஜென்ட் ஆபீசில் டைப் அடிப்பார். சாயங்காலம் ரேடியோவில் காதை ஒட்டிக்கொண்டு, சிலோன் ஸ்டேஷன் போடும் ஸ்விங் பாட்டின் அடியில் ஆளுயர டபுள்பாஸின் தந்தி என்ன வாசிக்கிறது என்று பிடித்து எழுதுவார். அப்படி ஒரு சத்தம் அந்த வீட்டில் வேறு யார் காதிலும் விழுந்ததில்லை என்பார் அவர் மனைவி பிலோமினா. டிரம்பெட் வாசிக்கும் எனக்கு, "ஒனக்குத்தான் காது இருக்குல்லா, கேட்டு வாசி" என்பதோடு சரி. டபுள்பாஸுக்கு மட்டும் ஒவ்வொரு சுரமும் குண்டு குண்டாக மையில் வரும்.

அதை வாசிக்கிறவன் சிலுவை. துறைமுகத்தில் டாலி கிளார்க். கப்பலில் ஏறும் மூட்டைகளை எண்ணிக் கோடு போடுவது வேலை.

எழுபத்திநாலில் அண்ணன் மகள் ஹில்டாவுக்குக் கல்யாணம். மாப்பிள்ளைக்கு பம்பாயில் வேலை, மறுநாளே ரயில். ரிசப்ஷனில் மகளோடு ஒரு பாட்டுக்காவது ஆடிவிட வேண்டும் என்பது அண்ணனின் ஒரே ஆசை. ஆடத் தெரியாது என்பது மட்டும்தான் குறை. குனிந்து தரையைப் பார்த்து, ஒன்று இரண்டு மூன்று நாலு என்று எண்ணிக் கால் வைக்க ஒரு மாதம் பழகினார். எண்ணிக்கை பிசகினால் மனிதர் நின்றுவிடுவார்.

பாட்டை ரகசியமாகப் பொத்தி வைத்தவர், கல்யாணத்தன்று காலையில்தான் எழுத உட்கார்ந்தார். சுரமெல்லாம் எழுத நேரமில்லை. கட்டத்துக்கு நாலு சாய்ந்த கோடு போட்டு, "ஒரு கோட்டுக்கு ஒரு தட்டுல, சிலுவை. சுரம் ஓன் இஷ்டம்" என்று கையில் திணித்தார். முழங்காலில் வைத்து எழுதிய அவசரத்தில், கட்டத்தைப் பிரிக்கும் கோடு நாலு கோட்டுக்கும் குறுக்கே விழுந்திருந்தது.

சாயங்காலம் அப்பாவும் மகளும் ஹால் நடுவே வந்தார்கள். நாலு தட்டு முடிந்து அண்ணன் காலைத் தூக்கினால், சிலுவை இன்னொன்று தட்டினான். அடுத்த கட்டத்திலும் அப்படியே. டிரம்ஸ் அடித்தவன் அவன் தம்பி. அவனும் சிலுவை பின்னாலேயே போய்விட்டான்.

வளன் அண்ணன் நின்றுவிட்டார்.

"என்னப்பா முழிக்கிய? அஞ்சாவதுக்கு சும்மா நின்னுக்கிடுவோம்," என்றாள் ஹில்டா, கையை விடாமல்.

நாலு அடி வைப்பதும் ஒரு தட்டுக்கு நிற்பதுமாகப் பாட்டு முழுவதும் ஆடினார்கள்.

பந்தியில் சிலுவையைப் பிடித்தேன். "நாலு கோடு, குறுக்க ஒண்ணு. அஞ்சுல்லா? ஹார்பர்ல பதினெட்டு வருசமா அப்படித்தாம்ல எண்ணுதேன்," என்றான்.

ஒரு புள்ளி பிசகினாலும் தாளையே கிழித்துப் போடுகிற வளன் அண்ணன், அந்தக் கல்யாணத் தாளை மட்டும் பாண்டு ஃபைலில் அப்படியே வைத்திருந்தார். திருத்தச் சொல்லி ஒருநாள் நானே பேனாவை நீட்டினேன்.

"கெடக்கட்டும்ல," என்றார். "நாலு தட்டுக்கும் தரையத்தான பாத்துக்கிட்டுக் கெடந்தேன். அந்த ஒண்ணுலதான் எம்மவ மொகத்தப் பாத்தேன்."