இடப்பக்கத்து இருக்கை

டிக்கியைத் திறந்து ஸ்டெப்னி டயர் மேல் உள்ளங்கையால் ஒரு தட்டு. ஜாக்கிக்கு ஒரு தட்டு. ஸ்பானர்களைச் சுற்றி வைத்த சாக்குத் துணி, பின் இருக்கை, முன்னால் இடமும் வலமுமாக இரண்டு இருக்கைகள், ரேடியோ, கடைசியாகக் கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருக்கும் மாதா படம். எல்லாவற்றையும் கையால் தொட்டு முடித்த பிறகுதான் ரோச் சாவியைப் போடுவார். உப்பு வியாபாரி தாணுலிங்கத்தின் வீட்டு ஷெட்டில், காலை ஆறரை மணிக்கு, பதினோரு வருஷமாக இது நடக்கிறது. டயரில் காற்று, ரேடியேட்டரில் தண்ணீர் எல்லாம் அதற்கப்புறம். "கெட்டுப்போனதத் தேடக் கூடாது. காணாமப் போனதத் தேடணும்" என்பார். ஏன் என்று கேட்டால் முறைப்பார்.

கோபக்காரர் என்று தூத்துக்குடி முழுக்கப் பேர். உழைத்துச் சம்பாதித்த பேர்தான், இரவல் இல்லை. ஹாரன் அடிக்க மாட்டார், கழுத்தை வெளியே நீட்டித் திட்டுவார். உப்பு ஏற்றிவரும் மாட்டுவண்டிக்காரர்கள் கறுப்பு ஃபியட்டைக் கண்டதுமே ஓரம் கட்டிவிடுவார்கள். அந்த ஃபியட்டும் தப்பாது. காலையில் மக்கர் பண்ணினால், "ஏளா, மூதேவி, மொதலாளி வாரதுக்குள்ள எந்திரி" என்று பானெட்டில் ஒரு குத்து விழும். முதலாளி டிரைவர் தொப்பி வாங்கித் தந்தபோது, இதைப் போட்டால் பிரேக் நன்றாகப் பிடிக்குமா என்று கேட்டுத் திருப்பிக் கொடுத்தார். வழக்கமாகப் போகும் டீக்கடையில் ஓர் இன்ஷூரன்ஸ் காலண்டர் தொங்குகிறது. அதைச் சுவர்ப்பக்கம் திருப்பிவிட்டுத்தான் பெஞ்சில் உட்காருவார். கடைக்காரருக்குத் தேதி வேண்டுமென்றால் ரோச் குடித்து முடிக்கும் வரை பொறுத்திருக்க வேண்டும்.

அந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒரு தோணி இருக்கிறது. ரோச்சுக்குச் சொந்த ஊர் கீழவைப்பார். முப்பது வயது வரை கொழும்புக்குச் சரக்குத் தோணியில் போய்வந்தவர். இசபெல்லா என்ற தோணியில் அவரும் தம்பி கிளாட்வினும் வேலை பார்த்தார்கள். ஒரு தடவை புறப்படுகிற நேரத்தில் புதுப் பாயை இறக்கிவிட்டு, ஒட்டுப்போட்ட பழைய பாயை ஏற்றினார்கள். நல்ல நங்கூரத்தைத் தட்டி நேராக்க வேண்டும் என்று கரைக்குக் கொண்டுபோனார்கள். திசை பார்க்கும் பெட்டியும் பின்னாலேயே போயிற்று. தோணி முதலாளி அந்த மாதம்தான் இன்ஷூர் செய்திருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. நடுக்கடலில் அடிப்பலகை விட்டது. தானாக விட்டதா, யாராவது பெயர்த்துவிட்டார்களா என்று இன்றுவரை ஒருவரும் நிரூபிக்கவில்லை. பதினோரு பேரில் பத்துப் பேர் கரையேறினார்கள். கிளாட்வினுக்கு வயது பத்தொன்பது. முதலாளி வீட்டிலிருந்து ஒரு மூட்டை அரிசி வந்தது. ரோச் அதை வாசலிலேயே அவிழ்த்துக் கொட்டினார். ஊர்க்கோழிகள் ஒரு வாரம் தின்றன.

தாணுலிங்கம் அப்படிப்பட்ட ஆள் இல்லை, அதையும் சொல்லிவிட வேண்டும். முப்பத்தைந்து வயது, அப்பா விட்டுப்போன உப்பளம், வெளிநாட்டுக் கார்ப் பந்தயப் படங்கள் போட்ட பத்திரிகைகள் ஒரு அலமாரி நிறைய. புதுத் துறைமுகத்துக்கென்று போட்ட சாலை இன்னும் திறக்காமல் நீளமாகக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமை கல் லாரி ஓடாது. கார் வைத்திருந்த ஆறேழு பேர் சேர்ந்துகொண்டார்கள். பந்தயம் இல்லை, பரிசு இல்லை. ஒவ்வொரு வண்டியாக விரட்டுவது, எத்தனை நிமிஷம் என்று பார்ப்பது, கேலி பேசி இட்லி தின்றுவிட்டு வீடு திரும்புவது. முதல் ஞாயிறு தாணுலிங்கமே ஓட்டி, ஒரு தார் டின்னில் உரசி, இறங்கியதும் சாவியை ரோச்சிடம் நீட்டினார். அன்றிலிருந்து ஓட்டுவது ரோச்சின் வேலையாயிற்று. முதலாளி, வளைவில் இருந்த கல்குவியல் மேல் ஸ்டாப் வாட்சும் கையுமாக நிற்பார்.

ரோச்சுக்கு வேகம் பிடிக்கும். விடியற்காலைப் பூசை முடிந்து நேரே வந்து, அறுபது மைலில் ஓட்டி, உள்ளுக்குள் சிரித்துக்கொள்வார். ஏனென்றால் வளைவு வரும்போது கல்குவியல் மேலிருந்து ஒரு துண்டு படபடக்கும், "மெல்ல வே, மெல்ல" என்று முதலாளி தொண்டை கிழியக் கத்துவார். அந்தக் கத்தல் பெயிண்டுக்காகத்தான் என்று ரோச்சுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெயிண்டுக்குள்தானே அவரும் உட்கார்ந்திருந்தார்.

ஒருநாள் ஒரு நண்பருடைய அம்பாசிடர் சறுக்கி உப்பளத்து வாய்க்காலில் விழுந்தது. வேகம் காட்ட ஓட்டிய வண்டிக்குச் சாதாரணப் பாலிசியில் காலணா வராது என்று தெரிந்ததும் தாணுலிங்கத்துக்குத் தூக்கம் போயிற்று. ஞாயிற்றுக்கிழமைக்கென்று தனியாக இன்ஷூர் பண்ணலாம், கட்டணம் கூடுதலாக வரும், மெட்ராஸில் கேட்டு வாங்கித் தருகிறேன் என்று ஏஜெண்ட் சங்கரலிங்கம் பையைத் திறந்தார். போடுவதா வேண்டாமா என்று முதலாளி ஒரு வாரம் தவித்தார். கடைசியில், பின் இருக்கையிலிருந்து ரோச்சிடமே கேட்டார்.

"போடாதீக மொதலாளி" என்றார் ரோச். "வண்டி ஒடஞ்சா ஒங்களுக்கு வலிக்கணும். வலிச்சாத்தான் என்னய மெல்லப் போகச் சொல்லுவீக."

உமக்கு எல்லாவற்றிலும் சந்தேகம் என்று முதலாளி சிரித்தார். மறுவாரம் கையெழுத்துப் போட்டார்.

பாலிசிக் காகிதம் வந்த அன்று ரோச் அதை ஷெட்டு வாசலில் மறித்துப் பார்த்தார். எல்லாம் இங்கிலீஷ். "இதுல நான் எங்கன இருக்கேன்?" என்று கேட்டார். சங்கரலிங்கம் நல்ல மனிதர், பொறுமையாக விரல் வைத்துக் காட்டினார். "லைசென்ஸ் உள்ள டிரைவர்தான் ஓட்டணும், இல்லன்னா பணம் கிடையாது. அந்த டிரைவர் நீங்கதான் அண்ணாச்சி." டிரைவருக்கு அடிபட்டால் என்ன என்று கேட்டதற்கு, அதற்குத் தனியாக எழுத வேண்டும், முதலாளி அதைக் கேட்கவில்லை என்றார். ரோச் அன்று மத்தியானம் சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு வளைவில் துண்டு படபடத்தது. கீழே அமர்த்தி அல்ல, தலைக்கு மேல் சுழற்றி. "விடும் வே, விடும்!" ரோச் தானாகப் பிரேக்கை மிதித்தார். மூன்று விநாடி போய்விட்டதே என்று முதலாளி இட்லி தின்னும் வரை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். ரோச் வீட்டில் மனைவி மெட்டில்டாவிடம், வேலையை விடப்போகிறேன் என்றார். இரண்டு பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகிறார்கள், கோபத்தை உலையில் போட்டுப் பொங்க முடியுமா என்று அவள் கேட்டாள்.

அதற்கடுத்த ஞாயிறு காலை ரோச் டிக்கியைத் திறந்து கையை வீசினார். கை வெறும் தகரத்தில் விழுந்தது. ஸ்டெப்னி இல்லை. ஜாக்கி இல்லை, ஸ்பானர் துணி இல்லை. முன்னால் ஓடினார். பின் இருக்கை இல்லை, இடப்பக்கத்து இருக்கை இல்லை, ரேடியோ இருந்த இடத்தில் ஒரு பொந்து. அவர் உட்காரும் இருக்கையும் மாதா படமும்தான் மிச்சம்.

தாணுலிங்கம் வெள்ளைப் பேண்ட் போட்டுக்கொண்டு, வாட்சைக் கழுத்தில் மாட்டியபடி உற்சாகமாக வந்தார். எடையைக் குறைத்தாயிற்று, பத்திரிகையில் போட்டிருக்கிறான், பந்தயக்காரர்கள் எல்லாம் இப்படித்தான் செய்கிறார்கள், ராத்திரியே ஆள் வைத்துக் கழற்றிவிட்டேன், இனி பறக்கும் பாரும் என்றார். அத்தனையும் உண்மை. எடை குறைந்தால் வேகம் கூடும் என்பது ரோச்சுக்கும் தெரியும். தெரிந்து என்ன செய்ய? கை ஆறு இடத்தில் வெறுமையைத் தொட்டுவிட்டது. பதினைந்து வருஷம் அடைத்து வைத்திருந்தது வாய்க்கு வந்துவிட்டது.

"நல்ல பாய எறக்கிட்டீக" என்றார்.

முதலாளிக்கு விளங்கவில்லை. எந்தப் பாய் என்று கேட்டார்.

"எந் தம்பி போன தோணியிலயும் இன்ஷூர் பண்ணின பெறகு நல்லதையெல்லாம் கரையில எடுத்து வச்சாக மொதலாளி. ஆள மட்டும் எடுத்து வைக்கல."

தாணுலிங்கத்தின் முகம் கறுத்தது. பதினோரு வருஷம் ஒன்றாகப் போய்வந்த மனிதன் தன்னைக் கொலைகாரன் என்கிறானே என்ற வலி அவருக்கு. வலி கோபமாக வந்தது. "ஒம்மக் கொல்லவா பாக்குதேன் நான்? ஓட்ட முடியும்னா ஓட்டும். இல்லன்னா சாவிய வச்சிட்டுப் போம்."

ரோச் சாவியை வைக்கவில்லை. திட்டவும் இல்லை. விறுவிறுவென்று பின்கட்டுக்குப் போனார். கழற்றிப் போட்டிருந்த சாமான்களில் இடப்பக்கத்து இருக்கையை மட்டும் தோளில் தூக்கிக்கொண்டு, ஸ்பானர் ஒன்றை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினார். இருக்கையை உள்ளே இறக்கிப் பொருத்தினார். நாலு போல்ட்டு. ஒவ்வொன்றையும் கழுத்து நரம்பு புடைக்க முறுக்கினார், அசைகிறதா என்று இரண்டு கையாலும் ஆட்டிப் பார்த்தார். தாணுலிங்கம் என்ன ஏது என்று கேட்டுக்கொண்டே நின்றார்.

பிறகு இடப்பக்கக் கதவை அகலத் திறந்தார். தோளில் கிடந்த துண்டை எடுத்து இருக்கையைத் தூசி தட்டினார். முதலாளியைப் பார்த்தபடி, கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.